போதை மனப்பிறழ்வு தெளிந்த பிறகு: எத்தனை நாள் மாத்திரை, எங்கே சிகிச்சை?

மெத்தாம்பெட்டமைன், ஆம்பெட்டமைன், கோக்கைன் போன்ற ஊக்கப் போதைப்பொருட்களால் மனப்பிறழ்வு வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் ஒரு வாரம், பத்து நாளில் தெளிந்துவிடுகிறார்கள். சுவருக்குள் கேமரா இருக்கிறது என்று சுவிட்சுப் பலகையைத் திருகிக் கழற்றியவர், கைப்பேசியைப் பிரித்துப்போட்டு ஒட்டுக்கேட்கும் கருவியைத் தேடியவர், அம்மா நீட்டிய தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே கொட்டியவர், இப்போது கட்டிலில் உட்கார்ந்து அமைதியாகச் சாப்பிடுகிறார். எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்கிறார். வீட்டாருக்குப் போன உயிர் திரும்பி வருகிறது. அந்தக் களைப்பிலும் ஆறுதலிலும்தான் இரண்டு முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. மனப்பிறழ்வுக்கான மாத்திரையை எவ்வளவு காலம் தொடர்வது? அடுத்து வரும் மாதங்களை எங்கே, எந்தச் சிகிச்சையோடு கழிப்பது?

குடும்பங்கள் முதல் கேள்வியைப் பற்றித்தான் மாய்ந்து மாய்ந்து விசாரிக்கின்றன. மறுபடி நோய் வருமா வராதா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது இரண்டாவது கேள்விக்கான விடை. மாத்திரையைப் பற்றி எவ்வளவு சரியாக முடிவெடுத்தாலும், போதைப்பழக்கத்துக்கான சிகிச்சையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அதே வார்டுக்குத் திரும்பி வர நேரும். இந்தக் கட்டுரை அந்தக் கவலையிலிருந்துதான் எழுதப்படுகிறது.

இவ்வளவு சீக்கிரம் தெளிவது எப்படி?

லண்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர் பிலிப் கானெல், ஆம்பெட்டமைனால் மனப்பிறழ்வு அடைந்த 42 பேரைப் பற்றி 1958இல் விரிவாக எழுதினார். உடலிலிருந்து மருந்து வெளியேறியதும் பெரும்பாலோர் ஒரு வாரத்துக்குள் தெளிந்தார்கள் என்பது அவர் கண்டது. இந்தப் பொருட்கள் மூளையில் டோபமைனை வெள்ளமாகப் பெருக்கெடுக்க வைக்கின்றன. எது முக்கியம், எது ஆபத்து என்று மூளைக்கு அடையாளம் காட்டும் வேதிப்பொருள் அது. அது அளவு மீறும்போது தெருவில் நிற்கும் கார், பக்கத்து வீட்டுச் சிரிப்பு எல்லாமே தன்னைக் குறிவைப்பதாகப் படுகிறது. இரவு பகலாகத் தூங்காமல் கிடப்பது அதை இன்னும் மோசமாக்குகிறது. வெள்ளம் வடிந்து தூக்கம் திரும்பினால் சந்தேகமும் வடிகிறது.

ஆனால் வடிந்துவிட்டது என்பதால் மூளை பழைய மூளையாகிவிட்டது என்று பொருளில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் மெத்தாம்பெட்டமைன் பெருமளவில் பரவி, 1951இல் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அந்தத் தலைமுறையையும் அடுத்த தலைமுறையையும் கவனித்த ஜப்பானிய மருத்துவர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்தார்கள். நீண்ட காலம் விட்டிருந்த ஒருவர் சிறிதளவு எடுத்தாலும், முன்பு மாதக்கணக்கில் எடுத்த பிறகு வந்த அதே நிலை, அதே குரல்கள், சில நாட்களில் வந்துவிடுகின்றன. சிலருக்குப் பொருளே இல்லாமல், கடும் மன அழுத்தமும் தூக்கமின்மையும் மட்டுமே போதுமாக இருந்தது. ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வாசல் தாழ்ந்துவிடுகிறது. 'ஒரே ஒரு தடவைதானே' என்ற பேச்சு இவர்களிடம் செல்லாததற்குக் காரணம் இதுதான்.

மாத்திரை: வேண்டாம், சில வாரம், நீண்ட காலம்

முதல் வழி, மனப்பிறழ்வுக்கான மாத்திரையே இல்லாமல் பார்ப்பது. பதற்றத்தைத் தணித்துத் தூங்கவைக்க லொராசிபாம், டயாசிபாம் போன்றவற்றைச் சில நாட்கள் கொடுத்து, தண்ணீரும் உணவும் ஓய்வும் கொடுத்துக் கவனிப்பார்கள். முதல் முறையாக வந்து, இரண்டு மூன்று நாளில் தானாகவே தணிகிறவர்களுக்கு இது பொருந்தும். இதில் பலரும் கவனிக்காத ஒரு நன்மை உண்டு: மாத்திரை இல்லாமலேயே அறிகுறி மறைந்தால், அது போதைப்பொருளால் வந்ததுதான் என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். பின்னாளில் நோயின் பெயரைப் பற்றிய குழப்பம் குறையும். ஆனால் பயம் தலைக்கேறி, தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று நம்புகிறவரை இப்படிக் காத்திருக்கச் சொல்வது ஆபத்து, கொடுமையும்கூட. அவர் ஓடுவார், தாக்குவார், மாடியிலிருந்து குதிப்பார்.

இரண்டாவது வழி, சில வாரங்கள் மாத்திரை கொடுத்து, பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது. பெரும்பாலோருக்கு நான் பரிந்துரைக்க விரும்புவது இதுவே. தாய்லாந்தில் ஆம்பெட்டமைன் மனப்பிறழ்வு கொண்ட 58 பேரிடம் ஒலான்சபின், ஹாலோபெரிடால் ஆகிய இரண்டு மனப்பிறழ்வு மருந்துகளையும் நான்கு வாரம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு பிரிவிலும் பெரும்பாலோர் தேறினார்கள். உடல் விறைப்பு, நடுக்கம் போன்ற தொல்லைகள் ஒலான்சபின் பிரிவில் குறைவாக இருந்தன. ஒலான்சபின் தூக்கத்தையும் தரும், இந்த நோயில் அது பெரிய வரம். நாள்பட எடுத்தால் உடல் எடையையும் சர்க்கரையையும் ஏற்றிவிடும் என்பதால், சில வாரங்களுக்கு நல்ல தேர்வாக இருப்பது பல ஆண்டுகளுக்கும் நல்ல தேர்வாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கோக்கைன் எடுத்தவர்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஹாலோபெரிடால் போன்ற பழைய வகை மருந்துகளால் தசைகள் திடீரென இழுத்துக்கொள்ளும் ஆபத்து இவர்களுக்குக் கூடுதல். கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொள்கிறது, கண்கள் மேல்நோக்கிச் செருகுகின்றன, நாக்கு தடித்துப் பேச்சு குழறுகிறது. பார்க்கும் வீட்டார் நோய் முற்றிவிட்டது என்று நடுங்குவார்கள். அது மருந்தின் பக்கவிளைவு. தகுந்த மாற்று மருந்தை ஊசியாகப் போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் சரியாகிவிடும். முன்கூட்டியே இதைச் சொல்லிவைக்காத காரணத்தால், பயந்துபோய் எல்லா மருந்தையும் அன்றே தூக்கி எறிந்தவர்கள் உண்டு. அந்த ஒரு நிமிட விளக்கத்தை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள்.

மூன்றாவது, மாதக்கணக்கில் அல்லது ஆண்டுக்கணக்கில் தொடர்வது. மூளையில் டோபமைன் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளை மாத்திரை அடைப்பதால், இடையில் ஒருவர் போதைப்பொருளைத் தொட்டுவிட்டாலும் ஓரளவு தடுப்பு இருக்கும் என்று மருத்துவர்கள் எதிர்பார்க்கிறார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் இதையே விதிப்பது சரியில்லை. இந்த மருந்துகள் போதைப்பொருளின் மீதான ஏக்கத்தைக் குறைப்பதில்லை. போதையை விட்ட ஆரம்ப மாதங்களில் எதிலும் சுவையின்றி வெறுமையாக இருக்கும் மனத்தை, அதிக டோஸ் மாத்திரை இன்னும் மந்தமாக்கலாம். அந்த வெறுமையைத் தாங்க முடியாமல் பழைய பொருளைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. பாதுகாப்புக்காகக் கொடுத்ததே மீண்டும் வழுக்கி விழக் காரணமாகிவிடக் கூடாது.

எப்படி நிறுத்துவது என்பதிலும் கவனம் வேண்டும். வீடு திரும்பிய வாரம், வேலைக்குப் போகத் தொடங்கிய வாரம், இரவில் தூக்கம் தடுமாறும் வாரம், இவை டோஸைக் குறைப்பதற்கான நேரமல்ல. ஒரே சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஒருவர் தானாகவே மூன்றாம் நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று சொன்னால் சண்டை பிடிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மறைத்துச் சாப்பிடாமல் இருப்பதைவிட, சொல்லிவிட்டு முறையாகக் குறைப்பது எவ்வளவோ மேல்.

யாருக்கு நீண்ட காலம் தேவைப்படலாம்?

போதைப்பொருளால் வந்ததா, மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்ற தனி மனநோய் போதைப்பொருளின் மறைவில் தலைகாட்டுகிறதா என்ற கேள்வி இங்கே முளைக்கிறது. முதல் வாரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் கண்டறியும் கையேடான டிஎஸ்எம்-5, பொருளை நிறுத்தி ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு மேலும் அறிகுறி நீடித்தால் தனி மனநோயாக இருக்குமோ என்று சந்தேகிக்கச் சொல்கிறது. உலக சுகாதார அமைப்பின் முந்தைய நோய் வகைப்பாடான ஐசிடி-10, ஒரு மாதத்தில் ஓரளவாவது தணிந்து ஆறு மாதத்துக்குள் முழுமையாகத் தீர வேண்டும் என்று கால அவகாசத்தை நீட்டியது. இரண்டு கடிகாரமும் ஓடுவது உண்மையாகவே பொருளைத் தொடாத நாட்களில் மட்டும்தான். சிறுநீரில் மெத்தாம்பெட்டமைன் தெரிவது சில நாட்களுக்கே. அதனால் அடிக்கடி பரிசோதனை இல்லாமல் 'ஒரு மாதமாகத் தொடவில்லை' என்ற பேச்சை மட்டும் வைத்து மனச்சிதைவு என்று முத்திரை குத்துவதும் தவறு, இல்லை என்று ஒதுக்குவதும் தவறு.

எண்களைப் பார்த்தால் இந்தச் சந்தேகத்தை அலட்சியப்படுத்த முடியாது. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்து 2020இல் வெளியான தொகுப்பாய்வின்படி, போதையால் மனப்பிறழ்வு வந்தவர்களில் சுமார் 25 சதவீதத்தினருக்குப் பின்னாளில் மனச்சிதைவு நோய் என்று உறுதியானது. கஞ்சாவால் வந்தவர்களில் இது 34 சதவீதம், ஆம்பெட்டமைன் வகையால் வந்தவர்களில் 22 சதவீதம். ஆம்பெட்டமைன் பிரிவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் அந்தப் பக்கம் போகவில்லை. ஐந்தில் ஒருவருக்கு மேல் போனார்கள். இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நீண்ட மருந்துக் காலத்தின் பக்கம் தராசைச் சாய்க்கும் விஷயங்களில் குடும்ப வரலாறு முக்கியமானது. தைவானில் மெத்தாம்பெட்டமைன் பயன்படுத்தியவர்களின் உறவினர்களை ஆராய்ந்தபோது, மனப்பிறழ்வு வந்தவர்களின் நெருங்கிய உறவினர்களிடம் மனச்சிதைவு நோய் ஏறக்குறைய 5 மடங்கு அதிகமாகத் தெரிந்தது. அறிகுறி நீண்ட நாள் நீடித்தவர்களின் குடும்பங்களில் அது இன்னும் கூடுதல். பெரியப்பாவுக்கு இருந்ததையும் அத்தைக்கு இருந்ததையும் குடும்ப மானம் கருதி மருத்துவரிடம் மறைப்பவர்களை நினைத்து வருந்துகிறேன். சிகிச்சையையே மாற்றக்கூடிய தகவல் அது. போதைப்பொருளைத் தொடுவதற்கு முன்பே ஆள் ஒதுங்கிப்போனது, படிப்பில் சரிந்தது, தனக்குத்தானே பேசியது போன்றவை இருந்திருந்தால் அதுவும் அப்படித்தான். இளம் வயதிலேயே தொடங்கியவர், புகைத்தோ ஊசியிலோ எடுத்தவர், பல ஆண்டுகளாக அதற்கு அடிமையாக இருந்தவர், இதற்கு முன் இரண்டு மூன்று முறை இப்படி வந்தவர் ஆகியோருக்கும் சில வாரங்களில் நிறுத்திவிட அவசரப்பட வேண்டாம்.

எங்கே, எந்தச் சிகிச்சை?

இங்கே மூன்று வழிகள் கண்முன் நிற்கின்றன: சில நாட்கள் மருத்துவமனையில் நச்சு நீக்கிவிட்டு வீட்டுக்கு அனுப்புவது, மீட்பு மையத்தில் சில மாதங்கள் தங்கவைப்பது, வீட்டிலிருந்தபடியே வாரத்தில் இரண்டு மூன்று முறை சிகிச்சைக்குப் போய்வருவது.

முதலாவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், அது மட்டும் போதாது. ஆஸ்திரேலியாவில் சிட்னி, பிரிஸ்பேன் நகரங்களில் மெத்தாம்பெட்டமைன் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களை மூன்றாண்டு பின்தொடர்ந்த ஆய்வில், நச்சு நீக்கம் மட்டும் செய்துகொண்டவர்களுக்கும் சிகிச்சையே எடுக்காதவர்களுக்கும் பயன்பாட்டில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. உயிருக்கு ஆபத்தான நாட்களைக் கடக்க அது தேவைதான். அதை முழுச் சிகிச்சை என்று நம்பி, ஆள் தெளிந்ததும் கடமை முடிந்தது என்று நினைப்பதில்தான் மோசம் போகிறோம்.

அதே ஆய்வு மீட்பு மையத்தைப் பற்றிச் சொன்னது கூர்ந்து படிக்க வேண்டியது. தங்கிச் சிகிச்சை பெற்றவர்களில், சிகிச்சை எடுக்காதவர்களைவிடக் கூடுதலாக 33 சதவீதத்தினர் மூன்றாம் மாதத்தில் பொருளை முழுதாக விட்டிருந்தார்கள். அந்த ஆதாயம் ஓராண்டில் 14 சதவீதமாகவும் மூன்றாண்டில் 6 சதவீதமாகவும் கரைந்தது. மையம் பயன் தருகிறது, அந்தப் பயன் வெளியே வந்த பிறகு கசிந்துபோகிறது. எனவே மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, வெளியே வரும் நாளுக்கு அடுத்த நாள் எங்கே, யாரிடம் போவது என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். இருக்கும் பணத்தையெல்லாம் தங்கும் காலத்துக்கே கொட்டிவிட்டு, தொடர் சிகிச்சைக்கு ஒன்றும் மிச்சம் வைக்காத குடும்பங்களுக்கு இந்த எண்களைக் காட்ட வேண்டும்.

மனப்பிறழ்வு வந்தவருக்கு எல்லா மையமும் ஒத்துவராது. மனநல மருத்துவர் தவறாமல் வருகிறாரா? மனநல மாத்திரைகளையும் 'இதுவும் போதைதான்' என்று பறிமுதல் செய்கிறார்களா? குழுவில் நிற்கவைத்துக் குற்றங்களை அடுக்கிக் கேள்வி கேட்கும் முறை உண்டா? எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சமீபத்தில்தான் நம்பிக்கொண்டிருந்தவரை அந்த வட்டத்தின் நடுவே உட்காரவைத்தால் அடங்கிய சந்தேகம் கிளர்ந்தெழும். கட்டிப்போடுகிற, அடிக்கிற இடமாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வெளியே அழைத்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது வழிக்குச் சான்று வலுவாக இருந்தும், அதைப் பற்றிப் பேச்சு குறைவாகவே இருக்கிறது. பரிசு முறைச் சிகிச்சை என்று சொல்லலாம். வாரத்தில் இரண்டு மூன்று முறை சிறுநீர்ப் பரிசோதனை. பொருள் இல்லை என்று வந்தால் அங்கேயே, அப்போதே ஒரு சிறு கூப்பன் அல்லது பரிசு. தொடர்ந்து சுத்தமாக வர வரப் பரிசின் மதிப்பு ஏறும். ஒருமுறை தவறினால் திட்டு இல்லை, தண்டனை இல்லை, மதிப்பு மட்டும் பழைய தொடக்க நிலைக்கு இறங்கும். ஊக்கப் போதைப்பொருள் பழக்கத்துக்கான 50 ஆய்வுகளை ஒப்பிட்டு 2018இல் வெளியான தொகுப்பாய்வில், இந்தப் பரிசு முறையோடு குடும்பம், வேலை, நட்பு ஆகியவற்றைச் சீரமைக்கும் பயிற்சியையும் சேர்த்த சிகிச்சையே முன்னணியில் நின்றது.

ஒழுங்காக இருப்பதற்குக் காசு கொடுப்பதா என்று கோபப்படுகிறவர்களைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் இந்தப் பொருட்கள் பாழாக்குவது வெகுமதியை உணரும் மூளைப் பகுதியைத்தான். அடுத்த ஆண்டு கிடைக்கப்போகும் நல்ல வேலையும் மரியாதையும் அந்த மூளைக்கு எட்டுவதில்லை, இன்று கையில் வருவது எட்டுகிறது. மெத்தாம்பெட்டமைனை விட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வில், டோபமைனைத் திரும்ப உள்ளிழுக்கும் கடத்திகள் கணிசமாகத் திரும்பியிருந்தது 12 முதல் 17 மாதங்களுக்குப் பிறகு. அதுவரை தாங்கிப்பிடிக்க ஏதோ ஒன்று வேண்டும். ஒரு ஏற்பாட்டை மட்டும் முன்னதாகவே செய்துகொள்ளுங்கள். சமீபத்தில் மனப்பிறழ்விலிருந்து மீண்டவர், கண்காணிப்பில் சிறுநீர் கொடுக்கச் சொன்னால் மறுபடி வேவு பார்க்கிறார்கள் என்று எண்ணக்கூடும். யார் பார்ப்பார்கள், முடிவு யாரிடம் போகும், யாரிடம் போகாது என்று முதல் நாளே சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும்.

இந்த முறை கிடைக்கிற இடத்தில், வீட்டில் அக்கறையுள்ள ஒருவராவது இருந்து, பொருள் விற்பவரின் தொடர்பும் அறுந்திருந்தால், நான் வீட்டிலிருந்தபடி சிகிச்சையையே தேர்ந்தெடுப்பேன். வீட்டிலேயே வேறொருவர் பயன்படுத்துகிறார், அல்லது வாசலைத் தாண்டினால் பொருள் கிடைக்கிறது என்றால் மையமே சரி.

ஏக்கத்தைக் குறைக்கும் மருந்து உண்டா என்றும் கேட்கிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் நால்ட்ரெக்ஸோன் ஊசியையும் புப்ரோபியான் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்துச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2021இல் வெளியானது. அதில் பலன் கண்டவர்கள் 13.6 சதவீதம், போலி மருந்து பெற்றவர்களில் 2.5 சதவீதம். ஒன்றுமில்லாததற்கு இது பரவாயில்லை. ஆனால் புப்ரோபியானே சிலருக்கு மனப்பிறழ்வு அறிகுறிகளைத் தூண்டக்கூடியது. யாரோ ஒருவருக்கு உதவியது என்று கேள்விப்பட்டு இதைத் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

கஞ்சாவும் மதுவும் மட்டும் தொடரலாமா?

'அதை விட்டுவிட்டேன், இதுவாவது இருக்கட்டும்' என்ற பேரம் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் நடக்கிறது. மெத்தாம்பெட்டமைனுக்கு அடிமையான 278 பேரைத் திரும்பத் திரும்பச் சந்தித்து நடத்திய ஆஸ்திரேலிய ஆய்வு 2013இல் வெளியானது. பொருளைத் தொடாத மாதங்களில் மனப்பிறழ்வு அறிகுறிகள் தென்படும் வாய்ப்பு 7 சதவீதம். மாதத்தில் 16 நாளோ அதற்கு மேலோ எடுத்தபோது 48 சதவீதம். ஆள் அதே ஆள், மாறியது பயன்பாடு மட்டுமே. அடிக்கடி கஞ்சாவோ மதுவோ சேர்ந்தபோது ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பானது. பேரத்தில் விட்டுக்கொடுக்க இடமே இல்லாதது கஞ்சா. மதுவைப் பொறுத்தவரை, ஒரே நாளில் எல்லாவற்றையும் விடச் சொல்வது சிலரை மொத்தமாக ஓடவைத்துவிடும் என்பதை அறிவேன். அங்கே மருத்துவரோடு பேசிப் படிப்படியாகக் குறைக்கலாம். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரும் ஆபத்து இருப்பதால் அதுவே பாதுகாப்பும்கூட.

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைபாட்டுக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த ஊக்க மருந்தால் இந்த நிலை வந்தவர்களின் கதை வேறு. 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, அத்தகைய மருந்தைத் தொடங்கிய இளைஞர்களில் ஏறக்குறைய 660 பேரில் ஒருவருக்கு மனப்பிறழ்வு வந்தது. மெத்தில்பெனிடேட் என்ற ஊக்க மருந்தை எடுத்தவர்களைவிட ஆம்பெட்டமைன் எடுத்தவர்களிடம் அது இரு மடங்கு. இவர்கள் அந்த மருந்தை நிறுத்திவிட்டு, ஊக்க வகையைச் சேராத மாற்று மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். இவர்களைப் போதைக்கு அடிமையானவர்களைப்போல் நடத்துவது பெரும் அநியாயம்.

முடிவை மறுபடி எடுக்க வேண்டிய நாட்கள்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் தூக்கத்தைக் குறித்துவையுங்கள். தொடர்ந்து இரண்டு இரவு தூங்கவில்லை, திரைச்சீலையை விலக்கி விலக்கித் தெருவைப் பார்க்கிறார், கைப்பேசியை அணைத்துவைக்கிறார், சாப்பாட்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்ள விரும்புகிறார் என்றால், பொருள் எடுத்தாரா என்று விசாரணை நடத்துவதற்கு முன் மருத்துவரை அழையுங்கள். விசாரணை சந்தேகத்தை வளர்க்கும். பொருளை விட்ட முதல் வாரங்களில் வரும் கடும் சோர்வையும் சோம்பல் என்று திட்டிவிடாதீர்கள். தற்கொலை எண்ணம் தலைதூக்கும் காலம் அது. வெளிப்படையாகக் கேட்டுவிடுவதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை.

டென்மார்க்கில் போதையால் மனப்பிறழ்வு வந்த 6,788 பேரைத் தேசியப் பதிவேடுகள் வழியாகப் பின்தொடர்ந்தபோது, சுமார் 32 சதவீதத்தினருக்குப் பின்னாளில் மனச்சிதைவு நோயோ, மிகைக் களிப்பும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறோ கண்டறியப்பட்டது. மனச்சிதைவுக்கு மாறியவர்களில் பாதிப் பேர் மாறியது முதல் 3.1 ஆண்டுக்குள். இருமுனைக் கோளாறுக்கு அந்தக் காலம் 4.4 ஆண்டு. எனவே மாத்திரை ஆறாவது வாரத்திலேயே நின்றுவிட்டாலும், மனநல மருத்துவரைப் பார்ப்பதை அதோடு நிறுத்திவிடக் கூடாது. முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, அதன்பின் இடைவெளியைக் கூட்டிக்கொண்டு, குறைந்தது நான்கு ஆண்டு போய்வர வேண்டும் என்பது என் யோசனை. அடுத்த சந்திப்புக்கான தேதியைக் கையில் வாங்கிக்கொண்டே ஒவ்வொரு முறையும் அறையைவிட்டு வெளியே வாருங்கள்.